கில்ட் அணிந்து விமானப் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் அணியும், பாவாடை போலக் கொசுவம் வைத்த உடைதான் கில்ட். அதை அணிந்து முதல் முறையாக விமானம் ஏறப்போகிறவர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கில்ட் உங்கள் கூடவே வரட்டும், அதோடு காலுறையில் செருகும் சின்னக் கத்தி செக்-இன் பெட்டியில் போகட்டும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் விமான நிலையத்தில் சங்கடப்பட்டு நிற்கிறார்கள். மற்றதெல்லாம் ஒரு தடவை போய் வந்தால் கைக்கு வந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இந்தத் தேவை எப்போதாவது வந்துவிடுகிறது. கூட வேலை பார்க்கும் நண்பருக்கு ஸ்பெயினில் கல்யாணம், மாப்பிள்ளைத் தோழனாக நிற்கச் சொல்லிவிட்டார். பேக்பைப் என்னும் ஊதுகருவி வாசிக்கும் பைப் பேண்டில் சேர்ந்தாயிற்று, வெளிநாட்டில் போட்டி. கால்பந்து ரசிகர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1998-க்குப் பிறகு முதல் முறையாக ஸ்காட்லாந்து அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 'டார்டன் ஆர்மி' (டார்டன் என்றால் கில்ட் தைக்கும் கட்டம்போட்ட துணி) என்று பெயர் வாங்கிய அந்த ரசிகர் கூட்டம் எந்த நாட்டுக்குப் போனாலும் கில்ட்டோடுதான் போகும்.

நாம் ஸ்காட்லாந்துக்காரர் இல்லையே, அணியலாமா என்ற தயக்கம் வேண்டாம். கில்ட் உள்ளிட்ட ஹைலேண்ட் உடையை, அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையை, 1746-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள், 1782-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அப்படி மீண்டு வந்த உடையை வெளியூர்க்காரர் ஒருவர் ஒழுங்காக அணிந்து வந்தால் அங்குள்ளவர்கள் மனசாரச் சந்தோஷப்படுகிறார்கள். ஒழுங்காக என்பதுதான் முக்கியம். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அணிந்து போவதா, எடுத்துப் போவதா

முழு அளவுக் கில்ட் என்றால் 8 கஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல் கம்பளித் துணி. முன்பக்கம் இரண்டு தட்டையான பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். மீதித் துணி முழுக்கப் பின்னால் கொசுவமாகத் தைத்திருக்கும். கனமான கம்பளியில் தைத்தது 2 கிலோ அளவுக்கு வரும். பெரும்பாலும் ஒருவரின் இடுப்பளவு, உயரம் பார்த்துத் தைப்பது என்பதால் விலையும் பல நூறு பவுண்டு. இதைச் செக்-இன் பெட்டியில் போட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால், கல்யாணத்தன்று அதே அளவில் இன்னொன்று எங்கே தேடுவது? அதனால் உடம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பையில் இருக்க வேண்டும்.

மூன்று நான்கு மணி நேரப் பயணம் என்றால் அணிந்தே போங்கள். கைப்பையில் 2 கிலோ மிச்சம், கொசுவமும் பையில் நசுங்காது. எட்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்கு நான் அணியச் சொல்ல மாட்டேன். கைப்பையில் உருட்டி வைத்துக்கொண்டு போய், இறங்கின இடத்தில் மாற்றிக்கொள்வதே மேல். நடுத்தரத் தூரத்துக்கு 5 கஜத்தில் தைத்த இலேசான கில்ட் இருந்தால் அது தோது.

வாடகைக்கு எடுத்த கில்ட் என்றால், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா, திரும்பக் கொடுக்கும் நாள் என்ன என்று கடையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும், விமானமோ செவ்வாய்க்கிழமை என்ற நிலை வரக்கூடாது.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான கில்ட்கள் செயற்கை இழையில் வருகின்றன. விமானத்துக்குக் கம்பளியே நல்லது. கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. செயற்கை இழை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விமானப் பயணத்துக்குப் பருத்தி, கம்பளி மாதிரி இயற்கை இழை உடைகளைப் பாதுகாப்பு வல்லுநர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். ஆபத்து நேரத்தில் சறுக்குமெத்தை வழியாக இறங்க நேர்ந்தால் வெறும் தொடை உராய்ந்து தோல் வழன்றுவிடும். ஆகவே உள்ளே தொடையின் பாதிவரை வரும், உடம்போடு ஒட்டிய பருத்தி ஷார்ட்ஸ் கட்டாயம்.

கில்ட்டுக்கு உள்ளே ஒன்றும் அணியக்கூடாது என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். விமானத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. உங்களுக்கு முன்னால் அந்த இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், உங்களுக்குப் பிறகும் ஒருவர் உட்காரப் போகிறார். ஸ்காட்டிஷ் டார்டன்ஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பின் இயக்குநரே 2010-ல் அந்த வழக்கம் சுகாதாரக் கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். பாதுகாப்புச் சோதனையில் கைவைத்துத் தடவிப் பார்க்கிற ஊழியரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கத்தி

ஹைலேண்ட் உடையில் வலது காலுறையின் மேல்விளிம்பில் செருகும் சின்னக் கத்திக்கு ஸ்கியன் டூ என்று பெயர். இடதுகைக்காரர்கள் இடது காலில் செருகுவார்கள். பிடி மட்டும் வெளியே தெரியும். சின்னதுதானே, அலங்காரத்துக்குத்தானே என்று தோன்றும். ஆனால் கூர்முனை உள்ள கத்தி, அவ்வளவுதான். பிரிட்டன் விமான நிலையங்களில் கூரான அல்லது முனையுள்ள கத்தி எதையும் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவிலும் இதே கதை. 6 செண்டிமீட்டருக்குக் குறைவான சிறு கத்திகளை விமானத்துக்குள் விடலாம் என்று 2013-ல் அங்கே ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களிலேயே கைவிட்டார்கள்.

பலர் குழம்புவது இன்னொரு இடத்தில். பிரிட்டன் சட்டத்தில் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு. இங்கிலாந்து, வேல்ஸுக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் ஸ்காட்லாந்துக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விலக்கைத் தருகின்றன. கிளாஸ்கோ தெருவில் ஸ்கியன் டூவோடு நடக்க முடிவது அதனால்தான். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையோ வேறு விதிகளில் நடக்கிறது. அங்கே தேசிய உடை என்று சொல்லிப் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. கத்தியை உறையில் போடுங்கள். உறை சுலபமாகக் கழலும் என்பதால் அதன்மேல் தடித்த துணி ஒன்றைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கையில் குத்திவிடக் கூடாது. வாடகை உடையோடு வரும் ஸ்கியன் டூ பெரும்பாலும் அலகே இல்லாத பிளாஸ்டிக் பிடியாக இருக்கும். அதையும் பெட்டியிலேயே போடுங்கள். பார்ப்பதற்குக் கத்தி மாதிரி இருக்கும் எதுவும் சோதனையில் உங்கள் நேரத்தைத் தின்னும், பறிபோகவும் வாய்ப்பு உண்டு.

கைப்பை மட்டும்தான், செக்-இன் பெட்டியே இல்லை என்றால் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஸ்கியன் டூ இல்லாமல் கில்ட் அணிவதில் குறை ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு வேறு யாராவது பெட்டியோடு வருகிறார்களா என்று கேட்டு அவர்களிடம் கொடுத்தனுப்பலாம்.

கல்யாணக் கோஷ்டி ஒன்றோடு வரிசையில் நின்றபோது பார்த்தது இது. வாடகைக் காரில் வரும்போதே எல்லோரும் முழு உடையில் இருந்தார்கள். ஸ்போரன் என்னும் இடுப்புப் பை, பெல்ட், கோட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, ஓர் இளைஞர் உலோகம் கண்டுபிடிக்கும் சட்டகத்துக்குள் நடந்தார். காலுக்குப் பக்கத்தில் ஒலித்தது. குனிந்து பார்த்தவர் முகம் வெளிறிப்போயிற்று. காலுறையில் தாத்தாவின் ஸ்கியன் டூ. மான்கொம்புப் பிடி, பிடியின் தலையில் மஞ்சள் கல். வழியனுப்ப வந்த அவருடைய அக்கா இன்னும் வெளியே நின்றிருந்ததால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா கிளம்பிப் போயிருந்தால் அந்தக் கத்தி போனது போனதுதான். ஆகவே வீட்டு வாசலைத் தாண்டும் முன் இரண்டு காலுறையையும் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படி மீறி மாட்டினாலும் பதற வேண்டாம். நேரம் இருந்தால் செக்-இன் கவுண்டருக்குத் திரும்பிப் போய் ஒரு பையைச் சரக்கில் போடலாம். சில விமான நிலையங்களில் பொருளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பி வைக்கும் வசதியும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

ஸ்போரன்

கில்ட்டில் பை கிடையாது. முன்னால் தொங்கும் ஸ்போரன்தான் உங்கள் ஒரே பை. பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், போன், சாவி எல்லாம் அதில்தான் போகும். சோதனையில் ஸ்போரனை அப்படியே கழற்றித் தட்டில் வைக்க வேண்டும் என்பதால், ஒரு வகையில் இது வசதி. பேண்ட் போட்டவர்கள் நான்கு பையையும் துழாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் ஒரே ஒரு கொக்கியைக் கழற்றி வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் கொக்கி முதுகுப்பக்கம் இருக்கிறது. இடுப்பைச் சுற்றி வரும் தோல்வாரும் சங்கிலியும் பின்னால் கொசுவத்தின் மேல் சந்திக்கும். கண்ணால் பார்க்காமல் கழற்றி மாட்டப் பழக வேண்டும். முந்தின நாள் இரவு கண்ணாடி முன் நின்று சில தடவை செய்து பார்த்தாலே போதும். கில்ட்டைப் பிடித்திருப்பது ஸ்போரன் வார் அல்ல, இடுப்பின் இரு பக்கமும் உள்ள தோல்பட்டைகள்தான். அதனால் ஸ்போரனைக் கழற்றினால் கில்ட் நழுவிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

ஸ்போரனுக்குள் மதுக்குப்பி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. காலி செய்து எடுத்துப் போங்கள். உலோகக் குப்பிக்குள் திரவம் இருந்தால் சோதனையில் நிறுத்துவார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவக் குப்பி கூடாது என்ற விதி இன்னும் பல ஊர்களில் இருக்கிறது, வழக்கமான குப்பி அதைவிடப் பெரியது. விமானத்துக்குள் சொந்த மதுவைக் குடிக்கவும் விமான நிறுவனங்கள் விடுவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், உங்கள் ஸ்போரன் எந்தத் தோலில் செய்தது என்பது. பழைய காலத்து விழா ஸ்போரன்கள் பல கடல்நாய்த் தோலில் செய்தவை. வெள்ளி போல மினுங்கும் குட்டை முடி இருக்கும். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கிறது. நியூயார்க்கில் ஏப்ரல் 6-ஐ ஒட்டி நடக்கும் டார்டன் டே என்னும் ஸ்காட்டிஷ் விழா ஊர்வலத்துக்கோ உலகக் கோப்பைக்கோ போகிறவர்கள் தாத்தா காலத்து ஸ்போரனை மாட்டிக்கொண்டு போனால் சுங்கத்தில் இழக்க நேரிடும். சாதாரண மாட்டுத்தோல் ஸ்போரனோடு போங்கள். அதற்கு எங்கேயும் சிக்கல் வருவதில்லை.

பைப் வாசிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பழைய பேக்பைப்களில் தந்தத்தில் செய்த வளையங்கள் இருக்கும். 2014-ல் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரைவழியாகத் திரும்பிய இரண்டு இளம் கலைஞர்களின் பைப்களை எல்லையில் இந்தக் காரணத்தால் பறிமுதல் செய்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். தந்தம் உள்ள கருவி என்றால் அனுமதிச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பாதுகாப்புச் சோதனையில்

வீட்டிலேயே உலோகத்தைக் குறைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அகலமான கில்ட் பெல்ட்டையும் அதன் பெரிய பக்கிளையும் பெட்டியில் போடுங்கள், அது அலங்காரத்துக்குத்தான். விழாவுக்குக் கில்ட்டோடு போடும் பிரின்ஸ் சார்லி கோட்டில் வெள்ளிநிறப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அதைக் கவரில் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டு, பயணத்துக்கு ஒரு ஸ்வெட்டரோ ட்வீட் கோட்டோ போதும். கில்ட்டின் முன்பட்டையில் குத்தும் ஊசியைக் கழற்றி ஸ்போரனுக்குள் வைக்காதீர்கள். வாள் வடிவில் செய்தவை நிறைய இருக்கின்றன, அது கத்தியோடு செக்-இன் பெட்டியிலேயே போகட்டும்.

காலணியிலும் யோசிக்க வேண்டும். கில்லி ப்ரோக் என்னும் மரபான காலணிக்கு நாக்குப் பகுதி கிடையாது. நீளமான கயிற்றை முறுக்கிக் கணுக்காலைச் சுற்றிக் கட்ட வேண்டும். கழற்றவும் கட்டவும் நேரம் பிடிக்கும், குனிந்துகொண்டே கட்ட வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜூலையிலிருந்து காலணியைக் கழற்றச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் மற்ற ஊர்களில் கேட்கலாம். சாதாரணக் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு போய், விழாவில் கில்லி ப்ரோக் கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் இயந்திரம் ஒலிக்கலாம். இடுப்பின் இரு பக்கமும் உள்ள பக்கிள்கள் உலோகம். உடல் ஸ்கேனரிலோ, பின்னால் அடுக்கடுக்காக இருக்கும் கொசுவம் கனமான ஏதோ பொருள் போலத் தெரிந்து, இடுப்பிலும் பின்புறத்திலும் குறி காட்டும். இது உங்கள் தவறும் இல்லை, ஊழியரின் சந்தேகக் குணமும் இல்லை. இயந்திரம் பார்க்கிற விதம் அப்படி. ஸ்கேனருக்குள் போகும் முன்பே, 'இது கில்ட், பின்னால் தடித்த மடிப்பு இருக்கிறது, பக்கத்தில் பக்கிள் இருக்கிறது' என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.

கையால் சோதிக்க வேண்டும் என்றால் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஊழியர்தான் செய்வார். தனி அறையில் செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சமாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களாகக் கில்ட்டைத் தூக்கிக் காட்டாதீர்கள். கைகளை விரித்து நின்று, அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். உள்ளே என்ன அணிந்திருக்கிறீர்கள் என்பதை வைத்து அந்த இடத்தில் கேலி பேசவே வேண்டாம். வேலை செய்கிறவர் அதே கேலியை அன்றைக்கு ஏற்கெனவே கேட்டிருப்பார், பாதுகாப்புச் சோதனையில் வேடிக்கைப் பேச்சு எப்போதுமே வம்பு.

நேரக் கணக்கில் வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் காற்று

இன்வர்னஸ் மாதிரிச் சின்ன விமான நிலையங்களில் திறந்தவெளியில் நடந்து போய்ப் படியேற வேண்டியிருக்கும். பாரா தீவில் விமானம் இறங்குவதே கடற்கரை மணலில்தான். ஸ்காட்லாந்துக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொசுவம் கனமானது, சுலபத்தில் பறக்காது. முன்பட்டைதான் எழும்பும். பலர் கில்ட் ஊசியால் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் குத்திவிடுகிறார்கள். அது கூடாது. ஊசி மேல்பட்டையில் மட்டும் குத்துவது, பட்டைக்குக் கொஞ்சம் பாரம் கொடுக்கத்தான். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் காலை எட்டி வைக்கும்போது துணி கிழியும். பயணத்தில் ஊசியே இல்லை என்பதால், ஸ்போரனை மாட்டிக்கொண்டு படியேறுங்கள். அதன் எடையே பட்டையை அமுக்கிப் பிடிக்கும். ஏறும்போது கைப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டால் கீழ்ப்படியில் வருகிறவருக்கும் நிம்மதி.

உட்காருவது

வேட்டி கட்டிப் பழகியவருக்குக் கில்ட்டில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். கால் எங்கே இருக்கிறது என்ற கவனம் உடம்பிலேயே ஊறியிருக்கும். வேட்டியை வேண்டும்போது மடித்துக் கட்டலாம், அவிழ்த்து இறுக்கலாம். கில்ட்டில் அது முடியாது. பின்கொசுவம் தைத்தது, அதன்மேல் தாறுமாறாக உட்கார்ந்தால் கசங்கின கோடு இறங்கும்வரை அப்படியே நிற்கும்.

முறை இதுதான். இருக்கைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இரண்டு புறங்கையையும் இடுப்புக்குப் பின்னால் வைத்து, கொசுவத்தைத் தொடைவரை ஒரே வீச்சாக நீவி இறக்கிக்கொண்டே உட்காருங்கள். மடிப்புகள் எல்லாம் ஒரே திசையில் படுத்து உங்களுக்குக் கீழே மெத்தை போட்ட மாதிரி அமரும். பிறகு முன்பட்டையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தாழ்த்தி, முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள்.

விமானத்தில் சிக்கல் என்னவென்றால், ஜன்னல் இருக்கையில் நிமிர்ந்து நிற்கவே முடியாது, தலை மேலே இடிக்கும். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து உள்ளே நகரலாம் என்று நினைக்காதீர்கள். நகர நகரக் கொசுவம் முறுக்கிக்கொள்ளும். குனிந்தபடியே உங்கள் இருக்கைவரை போய், ஒரு கையால் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீவி உட்காருங்கள். இந்தத் தொல்லைக்காகவே நான் நடைபாதை ஓர இருக்கையைத்தான் சொல்வேன். கழிப்பறைக்குப் போகவும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை.

சீட் பெல்ட் போடும் முன் ஸ்போரனை ஒரு பக்கமாக இடுப்புக்குத் தள்ளுங்கள். பெல்ட்டுக்கு அடியில் ஸ்போரன் சங்கிலி மாட்டிக்கொண்டால் அழுத்தி வலிக்கும், அவசரத்தில் பெல்ட்டைக் கழற்றவும் தடையாகும். நீண்ட பயணம் என்றால் அதைக் கழற்றி முன் இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவதே நல்லது. அவசர வழிப் பக்கத்து இருக்கையில் தரையில் எதுவும் வைக்க விடமாட்டார்கள், மேலே லாக்கரில் போட வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. கில்ட்டைத் தொப்புள் மட்டத்தில், உடம்போடு சிக்கென்று கட்டுகிறோம். விமானம் மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போலக் குறைகிறது. வயிற்றில் உள்ள வாயு விரியும். சாப்பாடும் சேர்ந்தால் இடுப்பைக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருக்கும். பெல்ட் விளக்கு அணைந்ததும் இரண்டு பக்கப் பக்கிளையும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள். இறங்கும் முன் நினைவாக மறுபடி இறுக்குங்கள்.

அப்புறம் காலுறை. முழங்காலுக்குக் கீழே காலுறையைப் பிடித்து வைக்க எலாஸ்டிக் பட்டி போட்டிருப்போம். மணிக்கணக்கில் உட்காரும்போது அந்த இறுக்கம் இரத்த ஓட்டத்துக்கு நல்லதல்ல. பட்டியைக் கழற்றிவிட்டு, காலுறை கொஞ்சம் சரிந்தாலும் சரி என்று விட்டுவிடுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எழும்போது கொசுவத்தை ஒரு உதறு உதறிவிட்டால் கசங்கலும் குறையும்.

தூங்கப் போகிறீர்கள் என்றால் போர்வை ஒன்று கேட்டு வாங்கி மடியிலிருந்து முழங்கால்வரை போட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தில் முழங்கால் தானாக விலகும், அதை யாராலும் தடுக்க முடியாது. போர்வை இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் உங்களுக்கும் சங்கடம் இல்லை. கீழே விழுந்த பொருளை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்தி எடுங்கள்.

கழிப்பறைக்கு ஸ்போரன் இல்லாமல் போவது உத்தமம். தரை ஈரமாக இருக்கும். உட்கார வேண்டும் என்றால் கொசுவம் முழுவதையும் இரண்டு பக்கத்திலிருந்தும் அள்ளி முன்னால் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரம் தரையில் படாது. வெளியே வரும் முன் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கொசுவத்தின் ஓரம் ஷார்ட்ஸின் இடுப்பில் சிக்கியிருந்தால் உங்களுக்குத் தெரியாது, விமானம் முழுக்கத் தெரியும்.

உருட்டி எடுத்துப் போவது

அணியாமல் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. கில்ட்டைத் தட்டையாக விரித்து, கொசுவங்களை ஒவ்வொன்றாக நேராக்கி, ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்கம்வரை சுருட்டுங்கள். கொசுவத்தின் நீளவாக்கு மடியாமல், நீண்ட உருளையாக வர வேண்டும். பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றின் காலை வெட்டி எடுத்து, அதற்குள் இந்த உருளையை நுழையுங்கள். ஸ்டாக்கிங் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்கிப் பிடிப்பதால் கொசுவம் கலையாது. கைப்பையின் நீளத்துக்கு அது சரியாகப் பொருந்தும். நான்காக மடித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சென்னைக்கு வரும் ஸ்காட்லாந்து நண்பருக்கு

நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கில்ட்டோடு வர ஆசைப்படும் ஸ்காட்லாந்து நண்பர்கள் உண்டு. எடின்பரோவிலிருந்து தோஹா வழியாகவோ கிளாஸ்கோவிலிருந்து துபாய் வழியாகவோ வருவார்கள். இருவேறு விமானம், நடுவில் இன்னொரு சோதனை. அவர்களுக்கு நான் சொல்வது, கில்ட்டை உருட்டிக் கைப்பையில் வையுங்கள், பேண்ட்டில் வாருங்கள் என்பதுதான். திரும்பிப் போகும்போது இந்திய விமான நிலையங்களில் ஆண்கள் வரிசையில் சிறு மேடைமேல் நிற்க வைத்து, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் கைக்கருவியால் தடவிச் சோதிப்பார்கள். ஆளுக்கு ஆள் நடக்கிற சோதனை அது. கில்ட் அணிந்திருந்தால் பக்கிள் பக்கத்தில் கருவி கீச்சிடும், ஸ்போரனைக் கழற்றி எக்ஸ்ரேயில் அனுப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான். கனத்த கம்பளி சென்னை வெயிலுக்கு ஆகாது. இலேசான துணியில் தைத்தது இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள் இருக்கும், கில்லி ப்ரோக் வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

இறங்கிய பிறகு

அறைக்குப் போனதும் கில்ட்டை இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிறைந்ததும் கொஞ்ச நேரம் அங்கே தொங்கட்டும். கம்பளி இழைக்கு இயல்பாகவே சுருண்டு மீளும் குணம் இருப்பதால் ஒரு ராத்திரியில் பெரும்பாலான கசங்கல் மறைந்துவிடும். மீதி இருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள்.

பெட்டியிலிருந்து ஸ்கியன் டூவை வெளியே எடுப்பது மட்டும் கடைசி வேலையாக இருக்கட்டும். தேசிய உடைக்கான அந்தச் சட்ட விலக்கு பிரிட்டனோடு முடிந்துவிடுகிறது. வேறு நாட்டுத் தெருவில் காலுறையில் கத்தியோடு நடந்தால் அந்த நாட்டுக் காவலருக்கு அது வெறும் கத்திதான். விழா நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, கல்யாண வீட்டார் சரி என்று சொன்ன பிறகு செருகிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் மறுபடி உறையில் போட்டு, துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.